பல ஊர்த் தண்ணி குடிச்சவன்

இஞ்ச வா மனே. அந்தப் போனைக் கவுத்து வெச்சிட்டு இப்பிடிக் குந்து. முதல் பதினொரு பேருக்குள்ள உன்னைப் போடல்லயெண்டு சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறியாமே, உன்ட தாய் வந்து சொல்றாள். பதினெட்டு வயசுல ஒரு மனுசன்ட காலம் முடிஞ்சு போறதை நான் இப்பதான் கேள்விப்படுறன். எனக்கே இன்னும் முடியல்ல.

என்ன குறை உனக்கு? சப்பாத்து இல்லயா? மூண்டு சோடி கிடக்கு. ஒண்டு பச்சை, ஒண்டு ரோசா, மற்றதுட நிறம் என்னெண்டு வித்தவனுக்கே தெரியாது. தலைமயிர் வடிவில்லயா? அதை வெட்டக் குடுத்த காசுல இந்த வீட்டுக்கு ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம். ஊருக்கு உன்னைத் தெரியல்லயா? நீ அடிச்ச மூண்டு கோலுக்குப் பாட்டும் போட்டு, நெருப்புல பேரும் எழுதி, உலகம் முழுக்க அனுப்பிப்போட்டாய். மூண்டாவது கோல் போகக்குள்ள அந்தக் கோல் காப்பாளன் குனிஞ்சு சப்பாத்து நூல் கட்டிக்கொண்டு நிண்டான். வீடியோவுல அந்த இடத்தைக் காணல்ல. வெபர் மைதானத்துக் கரையில நிண்டு நான் பார்த்தனான் கா. என்னை வெட்ட ஏலாதே.

அந்த மைதானத்துப் பேரையும் ஒருக்கா யோசிச்சுப் பார். அமெரிக்காவுல இருந்து வந்து, மட்டக்களப்புப் பொடியனுகளுக்கு விளையாட்டுப் பழக்கின ஒரு பாதிரியார்ட பேர். அவர் ஒரு வீடியோவும் எடுத்து விடல்ல. பேர் நிண்டிட்டு.

உங்கட ஆக்களுக்கு உலகத்துல ரெண்டே ரெண்டு பந்தடிகாரர்தான். ஒருத்தன் மெஸ்ஸி, மற்றவன் ரொனால்டோ. ஆர் பெரியவன் எண்டு விடிய விடியச் சண்டை. அவனுகள் ரெண்டு பேரும் நித்திரை கொள்ளுறானுகள், நீங்க முழிச்சுக்கொண்டு கிடக்கிறீங்க. ஏன் மனே, பந்தடிச்சுப் பிள்ளைகுட்டி வளர்த்த மற்ற ஆயிரக்கணக்கான மனுசரெல்லாம் எங்க போனானுகள்? அப்பிடி ஒருத்தன்ட கதையைச் சொல்றன், கேள். பேர் ஃபெரான் கொரோமினாஸ். கூப்பிடுறது கோரோ. தெரியுமா? தெரியாது. உன்ட முகத்தைப் பார்த்தாலே விளங்குது.

ஆள் ஸ்பெயின் நாட்டுக்காரன். கட்டலோனியாவுல ஜிரோனாப் பக்கம், 1983ல பிறந்தவன். முன்களத்துல ஆடுறவன். பார்சலோனா நகரத்துல தொழில் தொடங்கினான். உடனே கண்ணை விரிக்காதே. நீ நினைக்கிற பார்சலோனா இல்ல. அதே நகரத்துல எஸ்பான்யோல் எண்டு இன்னொரு கழகம் இரிக்கு, அது. உன்ட மெஸ்ஸி 2004 ஒக்டோபர் 16ல முதல் முதலா லீக் ஆட்டத்துக்கு இறங்கினானே, அண்டைக்கு எதிர்ப்பக்கம் நிண்டது இந்த எஸ்பான்யோல்தான். உலகம் முழுக்க ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றப் பக்கத்துல ஒரு கழகம் தன்ட வேலையைப் பார்த்துக்கொண்டு நிண்டிச்சு. அதுலதான் நம்மட ஆள் சம்பளம் எடுத்தான்.

அங்கயும் அவன் முதலாம் ஆள் இல்ல. முதலாம் ஆள் தமுடோ எண்டு ஒருத்தன். கோரோ அடிக்கடி கரையில குந்தியிருந்து, கூப்பிடக்குள்ள எழும்பி ஓடினவன். ஓம் மனே, நீ இப்ப முகத்தைத் தூக்கிக்கொண்டு இரிக்கிறாயே, அதே இடத்துலதான். அவன் சோறு தின்னாமக் கிடந்ததா ஒருத்தரும் எழுதி வெக்கல்ல.

மறுகா 2006 வந்திச்சு. ஏப்ரல்ல அரசர் கிண்ண இறுதி. எஸ்பான்யோல் சரகோசாவை 4-1 எண்டு அடிச்சுது. அதுல ஒரு கோல் கோரோட. கிண்ணம் கிடைச்சிட்டு, இனி என்ன குறை எண்டு நினைப்பாய். ஒரே மாதத்துல பார் கூத்தை. மே 13, லீக்குல அவனுகளுட கடைசி ஆட்டம். அண்டைக்கு வெல்லாட்டி கழகம் கீழ்ப்பிரிவுக்கு. கிண்ணம் எடுத்த கையோட படுகுழி! எதிர்ல ரியல் சொசிடாட். 90 நிமிசமும் முடிஞ்சு போச்சு. ஒரு கோலும் இல்ல. மத்தியஸ்தர் விசிலை வாய்க்குக் கிட்டக் கொண்டு போற நேரத்துல கோரோ அடிச்சான். 1-0. எஸ்பான்யோல் தப்பிட்டு, அலாவேஸ் எண்ட கழகம் கீழ போயிட்டு.

அந்தக் கோல் வடிவான கோலா எண்டு கேட்கப் போறாய். கேளாதே. கீழ்ப்பிரிவுக்குப் போனா ஆட்டக்காரனுக்கு மட்டுமா நட்டம்? புல்லு வெட்டுறவன், உடுப்புத் தோய்க்கிறவன், வாசல்ல டிக்கட் கிழிக்கிறவன், எல்லார்ட உலையும் அந்த ஒரு பந்துலதான் தொங்கிச்சு. உலை கொதிச்சாக் காணும். வடிவு வேணுமெண்டா நாடகம் பார்க்கப் போ.

அடுத்த வருசம் இன்னும் பெரிய கதை. ஐரோப்பாவுல யூஇஎஃப்ஏ கிண்ணம். அரையிறுதியில ஜெர்மனிக்கார வெர்டர் பிரேமன். ரெண்டு ஆட்டத்துலயும் கோரோ கோல் அடிச்சான். இறுதி கிளாஸ்கோவுல, செவில்லாவோட. 2-2 சமன். பெனால்டியில போச்சு. அந்தச் சுற்றுப்போட்டி முழுக்க எஸ்பான்யோல் ஒரு ஆட்டத்துலயும் தோக்கல்ல, கிண்ணமும் கிடைக்கல்ல. உனக்கு நடந்திருந்தா ஒரு மாதத்துக்கு வட்ஸ்அப்புல கறுப்புப் படம் போட்டிருப்பாய். அவன் அடுத்த சீசனுக்குப் பயிற்சிக்குப் போனான். வேற என்ன செய்யிற?

புறகு தொடங்கிச்சு அலைச்சல். ஒசசூனாவுக்கு இரவல் குடுத்தானுகள். அது முடிய, பிறந்த பக்கத்துக் கழகமான ஜிரோனாவுக்கு வந்தான். ரெண்டாம் பிரிவு. மறுகா எல்சே. அது முதற்பிரிவு. அங்க நடந்ததைக் கேட்டாச் சிரிப்பாய். 2015ல எல்சே லீக்குல 13ஆம் இடம். மைதானத்துல தோத்துப் போகல்ல. ஆனாக் கழகம் கடன்ல மூழ்கிக் கிடந்ததால தூக்கிக் கீழ்ப்பிரிவுல போட்டானுகள். கால் செஞ்ச வேலையைக் கணக்குப் புத்தகம் கெடுத்துப்போட்டுது. கழகம் நடத்துறதெண்டா கொடி பிடிக்கிறதும் சட்டை விக்கிறதும் எண்டு நினைக்கிற உங்கட தலைவருக்கும் இந்தக் கதையை ஒருக்காச் சொல்லு. அங்கயிருந்து கோரோ மயோர்காத் தீவு. மறுகா 33 வயசுல சைப்பிரஸ் நாட்டுல டொக்சா எண்டு ஒரு கழகம். அதை நானும் உன்ட போன்லதான் தேடிப் பார்த்தன்.

இப்ப நீ ஒண்டு கேட்பாய். இப்பிடி ஊர் ஊராத் தாவுறவனுக்கு விசுவாசம் எங்க இரிக்கு எண்டு. உங்கட ஆக்களுக்கு அந்தச் சொல் வாயில ஒட்டிப்போய்க் கிடக்கு. கழகம் மாறினவன்ட சட்டையைக் கொளுத்துறதை எல்லாம் போன்ல காட்டினியே.

நம்மட ஊர்க் கொம்புமுறியை எடு. கண்ணகை அம்மனுக்குச் செய்யிறது. ஊர் ரெண்டாப் பிரியும், வடசேரி, தென்சேரி. உன்ட தகப்பன் எந்தச் சேரியோ நீயும் அந்தச் சேரி. மாற ஏலாது. பெண் எடுத்த வீடு மற்றச் சேரியாக் கிடந்தாலும், கொம்பு இழுக்கிற நாளைக்கு மாமனும் மருமகனும் எதிர் எதிர்தான். தோத்த பக்கத்தைப் பாட்டுப் பாடி நாறடிப்பானுகள், அதையும் கேட்டுக்கொண்டு நிக்க வேணும். அதுல ஒரு சதமும் இல்ல மனே. அது சாமிக்குச் செய்யிறது. கோரோ செஞ்சது தொழில். வயல்ல வேலை முடிஞ்சா ஆத்துக்குப் போறவனைப் பார்த்து, வயலுக்குத் துரோகம் செஞ்சிட்டாய் எண்டு ஆரும் திட்டுவானா? காசு வாங்கி ஆடுறவனுக்கிட்டச் சாமி பக்தியை எதிர்பார்க்கிறதும், ஊர்க் கழகத்துல சும்மா ஆடுற நீ காசுக்காரன்ட சண்டித்தனம் காட்டுறதும், ரெண்டும் ஒரே கிறுக்குத்தான்.

சரி, கோவாவுக்கு வருவம்.

இந்தியாவுல 2014ல ஒரு லீக் தொடங்கினானுகள், ஐஎஸ்எல் எண்டு. என்ன ஆரவாரம்! ஒவ்வொரு கழகமும் ஒரு பெரிய பேரை வாங்க வேணுமாம். தில்லிக்காரர் இத்தாலிக்கார டெல் பியரோவைக் கொண்டுவந்தானுகள். 2006ல உலகக் கிண்ணம் எடுத்த மனுசன். நல்ல மனுசன்தான், நான் குறை சொல்லல்ல. ஆனா வந்தது நாப்பதைத் தொடுற வயசுல. 10 ஆட்டம் ஆடினார், ஒரு கோல் அடிச்சார். கோவாக்காரர் பிரான்சுக்கார ரொபேர் பிரேஸைப் பிடிச்சானுகள். அவரும் 1998 உலகக் கிண்ண அணியில இருந்தவர். அவருக்கும் நாப்பது தாண்டிட்டு. பயிற்சியாளர் ஆர் தெரியுமா? பிரேசில் நாட்டு ஸீக்கோ. இதுக்கு மேல பேர் வேணுமா? அந்த ஆள் 2015ல கழகத்தை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனது உண்மை. சொந்த மைதானத்துலயே முன்னுக்கு நிண்டு, கடைசி நிமிசங்கள்ல ரெண்டு கோல் வாங்கி, சென்னைக்காரருக்கிட்ட 3-2 எண்டு தோத்தானுகள். அடுத்த வருசம் லீக்குல கடைசி இடம். சுவரெல்லாம் படம், அட்டவணையில அடியில.

அப்பதான் கோவாக்காரருக்குப் புத்தி வந்திச்சு. லொபேரா எண்டு, நம்மட பக்கத்துல ஒருத்தரும் கேள்விப்படாத ஒரு ஸ்பெயின்காரரைப் பயிற்சியாளராப் போட்டானுகள். அவர் தன்ட நாட்டுல இருந்து சில பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 2017ல அந்தக் கூட்டத்துல வந்து இறங்கினவன்தான் நம்மட கோரோ. 34 வயசு. விமான நிலையத்துல மாலை போட எத்தினை பேர் போனானுகளோ, ஆனா டெல் பியரோவுக்குப் போன கூட்டம் போயிருக்காது. 

போர்த்துக்கேயன் நானூத்தி ஐம்பது வருசம் இருந்து ஆண்ட இடம் கோவா. நம்மட கோட்டையையும் 1628ல அவன்தான் கட்டினான், பத்து வருசத்துல ஒல்லாந்தன் பிடிச்சிட்டான். அங்க பந்து எண்டா உசிர். அந்தச் சனம் லேசுல ஒருத்தனைத் தலையில தூக்காது. கோரோவைத் தூக்கிச்சு. ஏன்?

முதல் சீசன்ல 18 கோல். பெங்களூருக்கு எதிரா மூண்டு கோல், அடுத்தடுத்து கேரளாவுக்கு எதிராவும் மூண்டு கோல். கேரளாவுக்கு அடிச்ச மூண்டும் ஏழு நிமிசத்துக்குள்ள. அந்தக் கோல் காப்பாளர் ஒண்டை எடுத்து வெளியில போடக்குள்ள அடுத்தது உள்ளுக்க நிண்டிச்சு. ஆகக் கூடக் கோல் அடிச்சவனுக்குக் குடுக்கிற தங்கச் சப்பாத்து அவனுக்கு. 35 வயசுல! இருவது வயசுல ஸ்பெயின்ல கிடைக்காத மகுடம், நரை விழுற வயசுல மார்காவோ மைதானத்துல கிடைச்சிது.

அவன் ஆடுறதை நான் டிஷ் பூட்டின காலத்துல வடிவாப் பார்த்திருக்கிறன். ஒரு வித்தையும் இல்ல. காலைச் சுத்திச் சுத்திக் காட்டுறது இல்ல. நடு மைதானத்துல பந்தை வெச்சுக்கொண்டு ஊர்வலம் போறது இல்ல. வீச்சுவலைக்காரன் விடியப் புறத்துல இடுப்பளவு தண்ணியில நிக்கிறதைப் பார்த்திருக்கிறாய்தானே? சும்மா நிக்கிற மாதிரித்தான் தெரியும். அவன் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான், மீன் திரும்புற இடம் அவனுக்குத் தெரியும், அங்க மட்டும் வீசுவான். கோரோ அந்த நிலைதான். பின்களக்காரன் பந்தைப் பார்க்கக்குள்ள இவன் இடத்தைப் பார்ப்பான். பந்து வரக்குள்ள ஏலவே அங்க நிப்பான். ஒரு தட்டு. முடிஞ்சுது. பதினைஞ்சு வருசம் பல ஊர்ப் பயிற்சியாளர்ட ஏச்சுக் கேட்டு, பல ஊர்ப் பின்களக்காரன்ட உதை வாங்கி, கரையில குந்தியிருந்து ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கண் அது. கரையில குந்தியிருக்கிறதை நீ தண்டனையெண்டு நினைக்கிறாய். அங்க இருந்தா மைதானம் முழுக்கத் தெரியும் மனே. நீ அந்த நேரத்துல போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாயாமே, பயிற்சியாளர் சொன்னார்.

'இந்திய லீக் எண்டா லேசுதானே' எண்டு நீ சொல்லப் போறாய். ஓம், ஸ்பெயின் லீக்கும் அதுவும் ஒண்டில்ல. நான் மறுக்கல்ல. ஆனா அதே லேசான லீக்குலதானே அந்த உலகக் கிண்ணக்காரர் ஒரு கோலோட போனார்? லேசு எண்டா எல்லாருக்கும் லேசாத்தானே இரிக்க வேணும்?

ரெண்டாம் சீசன்ல 16 கோல். திரும்பவும் தங்கச் சப்பாத்து. இறுதி ஆட்டம் மும்பையில, பெங்களூரோட. மேலதிக நேரத்துல, 117ஆவது நிமிசத்துல பெங்களூர்க்காரன் ஒருத்தன் தலையால முட்டி 1-0. இவனுக்கு இறுதி ஆட்டங்களோட அப்பிடி ஒரு பகை. ஆனா அடுத்த மாதமே சூப்பர் கிண்ண இறுதி, புவனேஸ்வர்ல, சென்னைக்காரரோட. கோரோ ஒண்டு அடிச்சான், கோவா 2-1. 2015ல வாங்கின கடன்ல கொஞ்சம் அடைஞ்சுது.

மூண்டாம் சீசன் 14 கோல். இந்த முறை 15 அடிச்ச மூண்டு பேர் முந்திட்டானுகள். அந்த வருசம் நடந்த ஒரு புதினம் சொல்றன். அணி லீக்குல முன்னுக்கு நிக்குது, பயிற்சியாளர் லொபேராவை வீட்டுக்கு அனுப்பிப்போட்டானுகள்! பெரிய கழகம் எண்டா இப்பிடித்தான், நல்லாப் போறதைக் கண்டாக் கை சும்மா இராது. ஆட்டக்காரர் அதுக்காக அழுதுகொண்டு படுக்கல்ல. 2020 பெப்ரவரியில ஜம்ஷெட்பூரை 5-0 எண்டு அடிச்சு லீக் கேடயத்தை எடுத்தானுகள். முதல் கோல் ஆர்? வேற ஆர்.

அந்தக் கேடயத்தோட இன்னொண்டும் வந்திச்சு. ஆசிய சம்பியன்ஸ் லீக்குல குழு ஆட்டத்துக்குப் போற முதல் இந்தியக் கழகம் எண்ட வாய்ப்பு. 2021ல அந்த ஆட்டங்கள் கோவாவுலயே நடந்திச்சு. கட்டாரில இருந்தும் ஈரான்ல இருந்தும் கழகங்கள் வந்துது. கோரோ அதுல இல்ல. அதுக்கு முதல் வருசமே கோவாவை விட்டு, ஊருக்குப் போயிட்டான். வழி வெட்டினவன் ஒருத்தன், நடந்தவன் வேறொருத்தன். அதுக்காக அவன் அறிக்கை விட்டுக்கொண்டு திரிஞ்சதா நான் கேள்விப்படல்ல. போய் என்ன செஞ்சான் தெரியுமா? மயோர்காத் தீவுல அட்லெட்டிகோ பலேயாரஸ் எண்டு ஒரு கழகம். மூண்டாம் பிரிவு. 37 வயசுல அங்க போய் ஆடினான். தங்கச் சப்பாத்து ரெண்டை வீட்டுல வெச்சிட்டு, மூண்டாம் பிரிவுல ஆடப் போறதுக்கு அந்த மனுசனுக்கு வெக்கம் வரல்ல.

கோவாவுக்கு அவன் ஐஎஸ்எல்ல ஆடினது 57 ஆட்டம். அடிச்சது 48 கோல். அந்த லீக்குட வரலாத்துல ஆகக் கூடின கோல் கணக்கு கன நாளா அவன்ட பேர்லதான் கிடந்திச்சு. மறுகா ஒக்பேச்சே எண்ட நைஜீரியக்காரன் தாண்டினான். அவனும் பல ஊர் அலைஞ்சு, முப்பத்தி மூண்டு வயசுக்குப் புறகு இந்தியாவுக்கு வந்தவன்தான். அவன் கதையை இன்னொரு நாளைக்குச் சொல்றன்.

இப்ப உன்ட கதைக்கு வா. வாவிக்கு அங்கால, படுவான்கரையில இருந்து ஒரு கழகம் உன்னை ஆடக் கேட்டு ஆள் அனுப்பினதாம். 'அது சின்னக் கழகம், அங்க ஆடினா என்ட மதிப்பு என்ன?' எண்டு சொல்லி விட்டியாமே? உன்ட மதிப்பு என்னெண்டு நான் உனக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லட்டா? வேணாம், தாய் அழுவாள். எழுவான்கரைக்காரனுக்கு எப்பவும் இந்தக் கொழுப்பு இரிக்கிறது. சோத்துக்கு அரிசி படுவான்கரையில இருந்து வேணும், பந்தடிக்க மட்டும் அந்தப் பக்கம் போக ஏலாது. ஒருத்தன் பார்சலோனாவுல இருந்து சைப்பிரஸுக்கும் கோவாவுக்கும் கடல் தாண்டிப் போறான், உனக்கு வாவி தாண்ட ஏலல்ல. அந்தக் காலத்துல நாங்க பாதைப் படகுல ஏறி, அது போய்ச் சேருமட்டும் வெயில் குடிச்சுக்கொண்டு நிண்டம். 2014ல மண்முனைப் பாலமும் கட்டித் தந்திட்டானுகள். இன்னும் என்ன, தோள்ல தூக்கிக்கொண்டு போகவா?

நாளையண்டைக்கு அவனுகளுக்கு ஆட்டம். வலது கரையில ஆட ஆள் இல்லயாம். நீ நடுவுலதான் ஆடுவன் எண்டு நிண்டு பிடிக்காதே, நிக்கச் சொன்ன இடத்துல நில்லு. பஸ்ஸுக்குக் காசு நான் தாறன். கோல் அடிச்சாத் திருப்பித் தரத் தேவையில்ல, அடிக்காட்டியும் தேவையில்ல. கரையில குந்த வெச்சானுகளெண்டா, ஆட்டம் முடியுமட்டும் குந்தியிருந்து பார்த்திட்டு வா.